நாலாம் எண்ணிக்கையில் நடந்தது

அவைக்கு அணி சேர்க்கும் அன்புத் தலைவர் அவர்களே! அவருக்கு அருகில் அமர்ந்து, நான் இன்னும் வாயைத் திறக்கும் முன்பே கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்ட செயலாளர் அவர்களே! ஆடி ஆடி அறிவு பெற்ற ஆசிரியப் பெருமக்களே! ஆடாமலே அறிவு பெற்ற பெரியோர்களே! பிள்ளைகள் உள்ளே ஆட, வெளியே பெஞ்சில் செருப்புகளுக்குக் காவலாக ஆண்டுக்கணக்கில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! இன்று நடன ஆசிரியர் சான்றிதழ் பெறவிருக்கும் இருபத்திரண்டு புதிய மாஸ்டர்களே! "மைக்கைத் தட்டாதீங்க" என்று என்னை மூன்று முறை எச்சரித்துவிட்டு, என் மேல் நம்பிக்கையில்லாமல் இன்னும் மேடை ஓரத்திலேயே நிற்கும் ஒலிபெருக்கி அண்ணன் அவர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

தலைவர் என்னை "அனுபவம் மிக்கவர்" என்று அறிமுகம் செய்தார். பண்பாளர். உண்மை என்னவென்றால், இந்தச் சான்றிதழுக்கான தேர்வில் ஒரே ஆண்டில் இரண்டு முறை தோற்றவன் நான் ஒருவன்தான். தோல்வியைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர் கிடைக்கவில்லை என்று செயலாளர் தொலைபேசியில் சொன்னார். அதைப் பாராட்டு என்று எண்ணி ஒப்புக்கொண்டேன். பேருந்தில் ஏறிய பிறகுதான் புரிந்தது. இறங்க முடியவில்லை. கூட்டம்.

பதினேழு ஆண்டுகள் நான் மேடையில் ஆடியவன். கடைசி வரிசை, இடமிருந்து மூன்றாவது. என் ஆட்டத்தைக் காண ஆவலோடு வந்த என் மாமியார், இரண்டு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்துவிட்டு என் மனைவியிடம் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு லீவா?" அத்தகைய புகழோடு வாழ்ந்தவன் நான்! பிறகு முழங்கால் 'கடக் கடக்' என்று பேச ஆரம்பித்தது. கால் பேசினால் கலைஞன் மௌனமாக வேண்டும். நான் மௌனமாகவில்லை. வகுப்பு நடத்தப் போகிறேன் என்றேன்.

"சொல்லிக்கொடுக்கத் தெரியுமா?" என்றாள் மனைவி.

"ஆடத் தெரிஞ்சவனுக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியாதா?"

"சாப்பிடத் தெரிஞ்சவங்க எல்லாம் சமைக்கவா செய்யறாங்க?" என்றாள். அப்போது என் வாயில் அவள் சமைத்தது இருந்ததால் மறுத்துப் பேச இயலவில்லை.

ஒரு டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு கூடம் கிடைத்தது. மாலை ஆறு மணி வகுப்பு. வேலை முடித்து வரும் பெரியவர்கள் பதினொரு பேர். எல்லோரையும் சொல்ல நேரமில்லை, மூவரைச் சொல்கிறேன். ஒருவர் தையல்கார அக்கா. ஒருவர் மருந்துக்கடை அம்மா. மூன்றாமவர் பஸ் டிரைவர். என்னைவிட ஆறு வயது மூத்தவர். ஏன் ஆட வந்தீர்கள் என்று கேட்டேன். அவர் சொன்னார்: "இருபத்திரண்டு வருஷமா உட்கார்ந்தபடியே ஊரையே சுத்திக் காட்டியிருக்கேன் மாஸ்டர். நான் எழுந்து ஒரே ஒரு சுத்து சுத்தணும். விழாம."

எத்தனை எளிய ஆசை! ஒரு சுற்று! கிட்டத்தட்ட ஓராண்டாக அதைத்தான் என்னால் கொடுக்க முடியவில்லை.

முதல் வகுப்பில் ஒரு மணி நேரம் ஆடினேன். ஆடினேன் என்றால், சாதாரண ஆட்டமா? கடைசி வரிசையில் பதினேழு ஆண்டு அடக்கி வைத்ததை எல்லாம் அன்று அவிழ்த்துவிட்டேன்! பதினொரு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். மார்பை நிமிர்த்தி வீட்டுக்குப் போனேன்.

"என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

"எல்லாரும் கைதட்டினாங்க."

"அப்ப நீங்க ஆடியிருக்கீங்க," என்று சொல்லிவிட்டு அவள் துணி மடிக்கப் போய்விட்டாள்.

இந்நிலையில் கூடத்து மேலாளர் வந்தார். டயர் கடைக்காரர் மேல்மாடியையும் கேட்கிறார். ஆண்டு முடிவதற்குள் நான் ஆசிரியர் சான்றிதழ் வாங்கிக் காட்டினால் கூடம் எனக்கு, இல்லையேல் டயருக்கு என்றார். நியாயம்தானே? டயரும் சுற்றும், என் மாணவர்களைவிட நன்றாகவே சுற்றும். ஆனால் டயருக்கு ஆசை இல்லை. டிரைவருக்கு இருந்தது.

பயிற்சிக்குச் சேர்ந்தேன். முதல் தேர்வு வந்தது. புதிய மாஸ்டர்களுக்குத் தெரியும், தாய்மார்களுக்காகச் சொல்கிறேன். தேர்வாளர் நம் வகுப்புக்கே வந்து உட்காருவார். மாணவர்கள்தான் ஆட வேண்டும். நாம் ஓரமாக நின்று எண்ண மட்டும் செய்யலாம். வந்தவர் ஒரு இளம்பெண். என் மகள் வயது. முகத்தில் ஒரு சலனம் இல்லை. எங்கள் ஆட்டத்தில் எட்டு எண்ணிக்கை. ஐந்தில் சுற்று.

"ஒன்று, இரண்டு, மூன்று..." என்றேன். "நான்கு" என்றதும் பதினொரு பேரும், ஒரே நேரத்தில், ஒரே அழகில், இடுப்பில் கை வைத்து உடுப்பை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார்கள்!

யாருடைய உடுப்பும் நழுவவில்லை. தையல்கார அக்காவின் உடுப்பு அவரே அளவெடுத்துத் தைத்தது. பூகம்பம் வந்தாலும் நழுவாது. அவரும் இழுத்தார். ஐந்தில் எல்லோரும் சுற்றினார்கள். சிலர் முக்கால் சுற்று, சிலர் அரைச் சுற்று. டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

தேர்வாளர் டிரைவரிடம் கேட்டார்: "நாலில் செய்தீர்களே, அது என்ன அசைவு?"

"அதுதாங்க முக்கியமான அசைவு," என்றார் டிரைவர் பணிவோடு. "வீட்ல தனியா அதை மட்டும் தினமும் நூறு தடவை பண்றேன்."

தேர்வாளர் என்னைப் பார்த்தார். நான் என் கையைப் பார்த்தேன். என் கை என் கால்சட்டையின் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தது. என்னோடு பதினேழு ஆண்டு ஆடிக் களைத்த இலாஸ்டிக், ஐயா! சுற்றும்போது கைவிட்டுவிடுமோ என்று ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் இழுத்துவிட்டுக்கொள்வேன். எனக்கே தெரியாத வழக்கம். கடைசி வரிசையில் இருந்தவரை ஊருக்கும் தெரியவில்லை.

சிரியுங்கள், சிரியுங்கள். முன்வரிசையில் ஓர் அம்மா வாயைப் பொத்திக்கொள்கிறார். வேண்டாம் அம்மா, தாராளமாகச் சிரியுங்கள். அறிக்கையைப் படித்தபோது என் மனைவியே சிரித்தாள். அறிக்கை இதுதான்: "மாணவர் அனைவரும் பிசகின்றிச் செய்த அசைவு ஒன்றே ஒன்று. அதை ஆசிரியர் கற்பிக்கவில்லை. தேர்ச்சி இல்லை."

விடுவேனா? பெல்ட் வாங்கினேன். பெல்ட்டுக்குப் பாதுகாப்பாக நாடாவும் கட்டினேன். மாணவர்களிடம் கண்டிப்பாகச் சொன்னேன்: "நாலில் கை இடுப்புக்குப் போகக் கூடாது!" கட்டளைக்குக் கட்டுப்பட்ட கூட்டம். இரண்டாம் தேர்வில் ஒரு கையும் போகவில்லை. மருந்துக்கடை அம்மா மூன்றிலேயே சுற்றிவிட்டார். தையல்கார அக்கா ஆறில் சுற்றினார். டிரைவர் சுற்றவே இல்லை. நடுவில் நின்றபடி வலது காலால் தரையை அழுத்திக்கொண்டிருந்தார். பிரேக்! மற்றவர்கள் அவர் மேல் வந்து மோதினார்கள்.

அறிக்கையில் ஒரே வரி: "எடுத்தீர்கள்; எடுத்த இடத்தில் எதை வைத்தீர்கள்?"

அந்த வரி என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் வகுப்பில் நான் ஆடவில்லை, அதட்டவில்லை. தரையில் உட்கார்ந்தேன். ஆட்டத்தைப் பற்றி முதன்முறையாக அவர்களிடம் ஒரு கேள்வி கேட்டேன். "நாலு எண்ணும்போது நீங்கல்லாம் என்ன பண்றீங்க?"

மருந்துக்கடை அம்மா சொன்னார்: "பயப்படறோம் மாஸ்டர்."

"முன்னாடியாவது கைக்குப் பிடிச்சுக்க ஒண்ணு இருந்துச்சு," என்றார் தையல்கார அக்கா. "அதையும் பிடுங்கிட்டீங்க."

டிரைவர் தயங்கித் தயங்கிக் கேட்டார்: "மாஸ்டர், வண்டியைத் திருப்பறதுக்கு முன்னாடி நான் கண்ணாடியைப் பார்ப்பேன். இங்க எதைப் பார்க்கணும்?"

அவையோரே! பன்னிரண்டு வயதில் எனக்குச் சொல்லப்பட்ட பாடம் அது. சுற்றும் முன் எதிரே ஒரு புள்ளியைப் பிடி. உடம்பு திரும்பட்டும், கண் கடைசிவரை அங்கேயே நிற்கட்டும். பிறகு தலையைச் சட்டென்று சுழற்றி, மறுபடி அதே புள்ளியைப் பிடி. தலை சுற்றாது, தடுமாற்றம் வராது, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்வாய். இதை நான் ஒவ்வொரு சுற்றிலும் செய்தேன். ஒருநாளாவது சொன்னேனா? சொல்லவில்லை! தெரியாததால் சொல்லாமல் இருந்தேனா? இல்லை! மிக நன்றாகத் தெரிந்ததால் மறந்தேன். தெரியாமல் செய்ததை அவர்களுக்குக் கொடுத்தேன். தெரிந்து செய்ததை எனக்கே வைத்துக்கொண்டேன். இதற்குப் பெயர் மாஸ்டர்!

அன்றுமுதல் நான்கு என்றால் "பார்." ஆளுக்கொரு புள்ளி. தையல்கார அக்காவுக்கு ஜன்னல் தாழ்ப்பாள். மருந்துக்கடை அம்மாவுக்குத் தீயணைக்கும் சிலிண்டர். டிரைவர் சுவர்க் கடிகாரத்தை எடுத்துக்கொண்டார். பல ஆண்டுகளாக ஐந்து பத்திலேயே நிற்கும் கடிகாரம். "டிப்போவிலும் இப்படித்தான் மாஸ்டர், பழகிடுச்சு," என்றார். ஆனாலும் முழுச் சுற்று வரவில்லை. முக்கால் வரும். கால் பாக்கி.

மூன்றாம் தேர்வு. ஆண்டின் கடைசி வாரம். அதே இளம்பெண், அதே முகம். "ஒன்று" என்றேன். "இரண்டு" என்றேன். டிரைவர் சுவரைப் பார்க்கிறார். நானும் பார்த்தேன். கடிகாரம் இல்லை! தேர்வாளர் வருகிறாரே, நின்றுபோன கடிகாரம் மரியாதையாக இராது என்று மேலாளர் காலையில்தான் பேட்டரி மாற்றக் கழற்றியிருக்கிறார். சுவரில் ஆணி மட்டும். டிரைவரின் வலது கால் பிரேக்கைத் தேடத் தொடங்கிவிட்டது.

என்ன செய்வது? நிறுத்தினால் தேர்வு போகும். கத்தினால் மற்றப் பத்துப் பேரின் பார்வையும் போகும். "மூன்று" என்று எண்ணிக்கொண்டே, பேசும் முழங்காலோடு இரண்டு எட்டு எடுத்து வைத்தேன். ஆணிக்கு நேர் கீழே போய் நின்றேன். கையை இடுப்புக்குப் போகவிடாமல் தொங்கப் போட்டேன்.

"நான்கு."

அவர் என்னைப் பார்த்தார்.

பதினேழு ஆண்டு மேடையில் என்னை அப்படி ஒருவரும் பார்த்ததில்லை! உடம்பு திரும்பியது, கண் என்மேல் நின்றது, முகம் மறைந்தது, மறுகணம் அதே முகம், அதே கண், அதே இடத்தில்! தேர்வு என்பதை மறந்து அவர் உரக்கச் சொன்னார்: "வந்துட்டேன் மாஸ்டர்!"

தேர்வாளர் எழுதுவதை நிறுத்தினார். "இடம் மாறி நின்றீர்களே, ஏன் சார்?"

"அவருக்குப் பார்க்க ஒன்றும் இல்லை மேடம். அதான் போய் நின்றேன்."

அந்த முகத்தில் முதல்முறையாக ஏதோ அசைந்தது. அறிக்கையில் ஒரே சொல், "தேர்ச்சி"; கூடம் எங்களுக்கே! ஆக, அவையோரே, பதினேழு ஆண்டு ஆடிப் பெறாத பெயரை, ஓடாத ஒரு கடிகாரத்துக்குப் பதிலாளாக நின்று பெற்றேன்!

வீட்டில் வழக்கமான விசாரணை. "இன்னைக்கு என்ன சொல்லிக்கொடுத்தீங்க?"

"ஒண்ணும் இல்ல. சும்மா நின்னேன்."

"அப்ப இன்னைக்குத்தான் சொல்லிக்கொடுத்திருக்கீங்க."

புதிய மாஸ்டர்களே! சான்றிதழ் வாங்கிய கையோடு வகுப்புக்குப் போவீர்கள். ஆடிக் காட்டக் கால் துடிக்கும்; துடிக்கட்டும். உங்களைப் பார்த்து அவர்கள் எதைக் கற்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். அவர்கள் பயப்படும் எண்ணிக்கை எது என்று கேளுங்கள். அந்த எண்ணிக்கையில் அவர்கள் கண்ணுக்கு எட்டும் இடத்தில் அசையாமல் நில்லுங்கள். நல்ல இலாஸ்டிக்கும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கடிகாரம் மறுநாளே புதிய பேட்டரியோடு டிக் டிக் என்று திரும்பி வந்தது. டிரைவர் அண்ணாந்து பார்த்தார். "மாஸ்டர், முள்ளு ஓடுனா எனக்குத் தலை சுத்துது," என்றார். பேட்டரியைக் கழற்றிவிட்டோம். எனவே அங்கே இப்போது எப்போதும் மணி ஆறே கால்தான். இங்கே அப்படி இல்லை என்பதைச் செயலாளரின் முகம் சொல்கிறது. இதுவரை என்மேல் கண் வைத்து என்னை நிறுத்திவைத்த உங்கள் அனைவருக்கும் நன்றி கூறி, நான் தொடாமல் விட்ட இந்த மைக்கைப் பத்திரமாக அண்ணனிடம் ஒப்படைத்து, விடைபெறுகிறேன். வணக்கம்.