சீட்டில் எழுதிய நிறம்

ஜொகூர் பாரு போகும் ரயிலில், என் எதிரே செடிகளை அழுத்திக் காயவைக்கும் வெறும் பலகைகளோடு இருவர் இருந்தார்கள். லேடாங் மலையில் செடி சேகரித்துவிட்டு வருகிறார்களாம்.

"ரோஸுன்னா எழுதினே? அது வெள்ளைப் பூ தம்பி," என்றார் பெரியவர்.

"காலையில செடிக்குச் சீட்டு எழுதுறப்போ ரோஸாதான் இருந்துச்சுண்ணே."

"அது வாடின நிறம்லா. சாயங்காலம் விரியறப்போ நல்ல வெள்ளை. நான்தானே பிடுங்கினேன்."

"செடிப் பெட்டி நேத்தே சிங்கப்பூர்த் தோட்டத்துத் துரைக்குப் போயிடுச்சே. காஞ்ச பூவுல நிறம் தெரியாது. சீட்டுல இருக்கறதைத்தான் துரை நம்புவாரு."

"தப்புன்னு எழுதிப் போடு."

"இன்னொரு செடி கொண்டான்னுவாரு. போய் எடுத்தாரலாமா?"

பெரியவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணுதான் இருந்துச்சு. வேரும் வேணும்னாங்களேன்னு தோண்டி எடுத்துட்டேன்."