விமானத்தில் மாமாவின் முறை

குற்றாலத்தில் குளித்துவிட்டுத் தென்காசி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். முன் சீட்டில், ஈரத் துண்டைத் தலையில் போட்டிருந்த கடையத்து விவசாயி ஒருவர் பக்கத்திலிருந்த மருமகனிடம் கேட்டார்:

“ஏலே, பிளேன்ல எனக்கு என்னைக்கு முறை?”

“என்ன முறை மாமா?”

“நம்ம கிணத்துல எனக்கு ஒரு பங்கு. செவ்வாக்கெழமயானா நான்தான் மோட்டார் போடுவேன். பிளேன் கம்பெனியிலயும் என் பேர்ல பங்கு வாங்கிப் போட்டியே, அதுல எனக்கு எந்தக் கெழம?”

“ஷேர்ல முறையெல்லாம் கெடையாது மாமா. இப்ப கம்பெனிய பெருசாக்கணும்னு புதுசா வேற ஷேர் விடுதான்.”

“பழைய பங்குக்காரன்ட்ட கேக்காமயா? பங்கு கூடுனா கிணத்துல தண்ணி கூடுமாலே?”

“அந்தப் பணத்துல இன்னும் பிளேன் வாங்குவான்.”

“எப்ப வரும்?”

“வர்றதுக்கு அஞ்சாறு வருசம் ஆவும்.”

“அப்ப இன்னும் கிணறே வெட்டல!”

ஜன்னல் வழியே சாரல் உள்ளே அடித்தது. சாரல் உள்ளே அடித்தது.

“பேசாம வித்துருவோமா மாமா?”

“விக்காத. துபாய்ல கெடக்க மவனப் பாத்து ஒன் அத்தைக்கு வருசக்கணக்காச்சு. என் முறை வந்தா மொதல்ல அவனத்தான் ஏத்திட்டு வரணும்.”

தென்காசியில் இறங்கும்போது மாமா படியில் நின்று திரும்பினார்.

“செவ்வாக்கெழம மட்டும் வேண்டாம்னு சொல்லிரு. அன்னைக்கு இங்கன மோட்டார் போடணும்.”