இரண்டு கிணற்றுக் கயிறுகள்

“மாடு இல்லாம கயிறு மட்டும் ஊருக்குப் போகுதா, ஆத்தா?” என்று நடத்துனர் கேட்டார்.

பொட்டிப்புரத்திலிருந்து தேனி செல்லும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் ஆளுக்கொரு கயிற்றை மடியில் வைத்திருந்தார்கள். மூத்தவர் எழுந்து நின்று தன் கயிற்றை விரித்துக் காட்டினார்.

“இது கெணறு அளந்த கயிறு, தம்பி. நுனியில கல்லக் கட்டி, தரை தட்டுற வரைக்கும் விட்டு, நனைஞ்ச எடத்துல முடிச்சுப் போட்டுருக்கோம். மழைத்தண்ணி நிக்கணும்னு சர்க்காருல எங்க காட்டுல சரிவுக்குக் குறுக்க மண்கரை போட்டாக. இந்தா பாரு, தலைக்கு மேல தண்ணி நிக்குது!”

“அந்தக்கா கெணத்துல?” நடத்துனர் இளையவரைப் பார்த்தார்.

இளையவர் தன் கயிற்றை முந்தானைக்குள் மறைத்தார். “எங்களுக்குச் சரிவப் பாக்காம வரப்ப ஒட்டிக் கரை போட்டுட்டாக. மழைத்தண்ணி நிக்காம ஓடிருச்சு. கெணத்துல முழங்கால் தண்ணிதான். இதப் போயிக் காட்டுனா கரை போடுற ஆபீசுல சிரிப்பாக, மதினி.”

“அடி கூறுகெட்டவளே! நாளைக்கு மேக்காட்டுலயும் வரப்ப ஒட்டித்தான் கரை போட ஜேசிபி விடப்போறாக. என் கயித்த மட்டும் காட்டுனா, ‘உனக்கு ஊத்து நல்லாருக்கு’ன்னு சொல்லி அனுப்பிருவாக. ரெண்டும் பக்கத்துப் பக்கத்துக் கெணறு, ஒரே ஆழம். கரை போட்ட விதந்தான் தப்புன்னு சொல்ல ஒன் கயிறுதான்டி சாட்சி!”

“நெசமாவா?”

“பின்ன?”

தேனி வந்ததும் இளையவர்தான் முதலில் எழுந்தார். முந்தானைக்குள் இருந்த கயிறு இப்போது தோளில் கிடந்தது. என்னையும் தள்ளிக்கொண்டு இறங்கியவர், கீழே நின்று கத்தினார்:

“வெரசா வாங்க மதினி! மொதல்ல என் கயித்தக் காட்டுவோம்!”