ஈரக் கட்டு

"மருந்து போட்டா ஏன் மாமா எரியுது?" என்று அனுப்பிரியா ஒருமுறை என்னிடம் கேட்டாள். அப்போது அவளுக்கு ஆறு வயதிருக்கும். தேயிலைத் தூரில் இடறி விழுந்து, முட்டியெல்லாம் ரத்தமாக டிஸ்பென்சரிப் படியேறி வந்திருந்தாள். எரிந்தால் ஆறுகிறது என்று அர்த்தம் பாப்பா என்று சொன்னேன். அழுகையை அப்படியே நிறுத்திவிட்டாள். குழந்தைகளுக்குச் சொல்லும் பதில் அன்பாக இருந்தால் போதும், சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. இத்தனை வருடம் மருந்து கட்டியதில் நான் தெரிந்துகொண்டது அது.

டாக்டர், நீங்கள் இந்த எஸ்டேட்டுக்குப் புதிது. வியாழக்கிழமை மட்டும் வருகிறீர்கள். அனுவின் பையில் மிச்சமிருந்த மாத்திரைப் பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, விரல் சீழ் பிடித்தவளுக்கு ஏன் சத்து மாத்திரை கொடுத்தீர்கள், ஏன் முதல் வாரமே தேனிக்கு அனுப்பவில்லை என்று கேட்டீர்கள். கதவைச் சாத்தியது உங்கள் நல்ல மனது. இரண்டு கேள்விக்கும் ஒரே பதில்தான். கொஞ்சம் நீளம்.

என் பெயர் குருசாமி என்பது உங்களுக்குத் தெரியும். எல்லோருக்கும் நான் கம்பவுண்டர். வேலுத்தாய் என் கூடப்பிறந்த அக்கா. கொழுந்து பறிக்கிறவள். அத்தான் தவறிய பிறகு அவளும் அவள் மகள் அனுவும் நானும், எஸ்டேட் தொழிலாளிகளுக்குக் கொடுக்கிற ஒரே லயத்து வீட்டில் இருக்கிறோம். எனக்குக் குடும்பம் இல்லாததால் ஊழியர் குடியிருப்பில் இடம் ஒதுக்கவில்லை. முன் அறையில் ஒரு கட்டில் போட்டிருக்கிறேன். கட்டிலுக்கு மேலே முருகன் படம்.

இங்கே வீடு என்பது வேலையோடு ஒட்டியது. அக்கா இந்தப் பங்குனியோடு ஓய்வு பெற வேண்டும். அதற்குள் அவள் இடத்தில் வீட்டில் ஒருவர் நிரந்தரத் தொழிலாளியாகப் பெயர் பதிய வேண்டும். பதியாவிட்டால் சாவியை ஆபீசில் கொடுத்துவிட்டு இறங்க வேண்டியதுதான். இறங்கி எங்கே போவது என்று இந்த மலையில் யாரும் யாரையும் கேட்பதில்லை. டிஸ்பென்சரி ஆளின் பெயரில் லயம் கிடையாது. எங்கள் வீட்டில் பதிய வேண்டியவள் அனு. அவளுக்கு அது தெரியும். சரி என்றுதான் இருந்தாள், கிடார் வரும் வரை.

பூப்பாறை ரோட்டில் உள்ள ஒரு ரிசார்ட்டில் அவள் அறை துடைக்கப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே சீசனில் வாசிக்க வந்தவர் ஜெகன். பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்காரர். வீட்டில் நெல் விவசாயம். அதை அண்ணனிடம் விட்டுவிட்டு, கல்யாணங்களிலும் ஓட்டல்களிலும் வாசிக்கிற ஒரு குழுவை நடத்துகிறார். ஊருக்குத் திரும்பும்போது பழைய மின்கிடார் ஒன்றையும் மூலை உடைந்த லேப்டாப் ஒன்றையும் அனுவிடம் கொடுத்துவிட்டுப் போனார். லேப்டாப்பில் ஒரு விளையாட்டு இருந்தது. கிடாரை ஒரு ஒயரால் அதில் செருகினால், நிஜக் கிடாரை வைத்தே விளையாடலாம்.

நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள், சொல்கிறேன். திரையில் ஒரு நீண்ட ரோடு. ஆறு கம்பிக்கும் ஆறு நிறம். தூரத்திலிருந்து நிறநிறமாகக் கட்டைகள் நம்மை நோக்கி வரும். கட்டை வந்து சேரும் நேரத்தில் அதே கம்பியை அதே இடத்தில் அழுத்தி மீட்டினால், அது ஒளிவிட்டு மதிப்பெண் ஏறும். நன்றாக வாசித்தால் கட்டைகள் கூடிக்கொண்டே வரும். தடுமாறினால் விளையாட்டு திட்டாது. கட்டைகளைக் கொஞ்சம் குறைத்து, பாட்டை லேசாக்கிக் கொடுக்கும். அந்தக் குணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இயலாதவரிடம் குறைவாகக் கேட்பது ஒரு தர்மம் அல்லவா?

அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"ஏட்டி, பொட்டச்சி கையில இது என்னத்துக்கு? ஊர்கோலத்துக்குக் கொட்டடிக்கப் போறியா?"

"ஆமாம்மா. நீ சாமியாடு, நான் அடிக்கேன்."

"வாயப் பாரு. தம்பி, நீ கேக்க மாட்டியா?"

நான் சிரித்தேன். அந்த வீட்டில் நான் யாரிடமும் கடிந்து பேசியதில்லை.

அவள் வேகமாகக் கற்றாள். ஆறு மாதத்தில் விளையாட்டில் இருந்த கடினமான பாட்டுகளுக்குப் போய்விட்டாள். வாசித்ததை ஜெகனுக்கு போனில் அனுப்பினாள். குழுவில் ஓர் ஆள் விலகுகிறார், சித்திரையில் வந்துவிடு, தங்க இடம் இருக்கிறது, வீட்டில் பெண்கள் இருக்கிறார்கள் என்று அவர் சொன்னார். தப்பான ஆள் இல்லை டாக்டர், அவரைப் பற்றி நான் எதுவும் சொல்ல மாட்டேன்.

அனு அதை முதலில் என்னிடம்தான் சொன்னாள். "மாமா, அம்மாகிட்ட நீங்கதான் பேசணும். வீடு போனாப் போகட்டும். அங்க ஒரு ரூம் எடுத்து அம்மாவ கூட்டிக்கிறேன்."

அம்மாவை என்று சொன்னாள். அதில் ஒரு குற்றமும் இல்லை. பெண் பிள்ளை முதலில் அம்மாவைத்தான் நினைப்பாள். சரி பாப்பா, பேசுகிறேன் என்றேன்.

கம்பி அழுத்துகிற கையின் விரல் நுனி முதலில் கொப்புளிக்கும். பிறகு தோல் தடித்துக் காய்த்துவிடும். காய்த்த பிறகு வலிக்காது. ரிசார்ட்டில் துடைக்கிற தண்ணீரிலேயே கை கிடந்ததால் அவளுக்குக் காய்ப்பு சரியாகப் பிடிக்கவில்லை. "ஏதாச்சும் பண்ணுங்க மாமா" என்று விரல்களை நீட்டினாள். மாலையில் வெந்நீரில் உப்புப் போட்டு ஊறவை என்றேன். நானே தண்ணீர் சுடவைத்து, பேசினில் ஊற்றி, அவள் முன்னால் வைத்தேன். வெந்நீர் இதமாக இருக்கும், வலியும் குறையும். தோல் மட்டும் இளகிப்போகும், அதன் மேல் காய்ப்பு ஏறாது. கெடுதல் என்று நான் நினைக்கவில்லை. சித்திரை கழியும் வரை அவள் விரல் கொஞ்சம் மென்மையாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

கொப்புளம் உடைந்தது. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டிலும். தினமும் நான்தான் கட்டினேன். முதலில் திருநீறு எடுத்து அவள் நெற்றியில் இடுவேன், பிறகு கட்டு. காற்றோட்டமாக உலர விட வேண்டிய புண்ணை நனைத்த துணியால் இறுக்கி மூடி, மேலே பிளாஸ்டிக் உறை போட்டேன். "ஈரமா இருக்கே மாமா" என்றாள். ஈரம் இருந்தால் ஒட்டாது என்றேன். பிறகு அது எரிந்தது. அவளே சிரித்துக்கொண்டு, "எரிஞ்சா ஆறுதுன்னு அர்த்தம், இல்ல மாமா?" என்றாள். ஆமாம் என்றேன்.

சீழ் கோத்தபோது மாத்திரை கேட்டாள். அலமாரியில் சரியான மாத்திரை இருந்தது, நீங்களே பார்த்தீர்கள். நான் பக்கத்துத் தட்டில் இருந்த சத்து மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன். அதுவும் மாத்திரைதான், உடம்புக்கு நல்லது. விஷம் எதையும் நான் அவளுக்குக் கொடுத்ததில்லை. விளையாட்டு செய்ததைத்தான் நானும் செய்தேன். அவளுக்கு வர வேண்டியதில் கொஞ்சம் குறைத்தேன்.

அவள் வாசிப்பதை நிறுத்தவில்லை. விரல் தடுமாறத் தடுமாற, திரையில் கட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. மூன்று விரலால் வாசிக்கிற பாட்டு இரண்டு விரலுக்கு இறங்கியது. பிறகு மோதிர விரல் ஒன்றே அழுத்துகிற மாதிரி, ஒற்றைக் கம்பியில், நின்று நின்று வரும் கட்டைகள். அதற்கும் திரை நன்று என்று காட்டியது. அவள் முகத்தில் ஒன்றும் இல்லை. நான் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெகன் எனக்கு போன் செய்தார்.

"ஏனுங்க மாமா, புள்ளைக்குக் கை தேவலைங்களா? நானு வேற ஆளச் சொல்லாம நிறுத்தி வச்சிருக்கறனுங்க."

"எலும்புல ஏறியிருக்குதுங்க தம்பி. இனி கம்பி தொடுறது கஷ்டம்."

"அடக் கடவுளே. டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?"

"நான்தாங்க பாத்துக்கிறேன்."

இதெல்லாம் நீங்கள் இங்கே வருவதற்கு முன். அப்போது எலும்பில் ஏறியிருக்கவில்லை. ஆறுதலாகப் பேசிவிட்டு வைத்தார். அடுத்த வாரம் வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டார். அதைச் சொல்வதற்கு அனுவுக்கு போன் செய்து அழுதாராம். நல்ல பையன்.

அதன் பிறகு அவளே சொன்னாள். "கை ஆறுற வரைக்கும் சும்மா என்னத்துக்கு இருக்கணும். பேரப் பதிஞ்சு வைப்போம் மாமா. அப்புறம் பாத்துக்கலாம்." அக்கா அவளை அணைத்துக்கொண்டு அழுதாள். காலையில் மூன்று பேரும் ஆபீசுக்குப் போனோம். வலது கையால் கையெழுத்துப் போட்டாள். கட்டுப் போட்ட இடது கையை முந்தானைக்குள் வைத்திருந்தாள்.

அன்று மத்தியானம் சரியான மாத்திரையை எடுத்தேன் டாக்டர். இது உண்மை. அன்றே உலர்ந்த துணி வைத்துக் கட்டினேன். என் கணக்கு அவ்வளவுதான் இருந்தது: பெயர் பதியும் வரை ஆற விடக் கூடாது, பதிந்ததும் ஆற்றிவிட வேண்டும். மறுநாள் கட்டைப் பிரித்தபோது விரல்கள் கறுத்திருந்தன. நாற்றம் இருந்தது. சிவப்பு உள்ளங்கையைத் தாண்டி மணிக்கட்டு வரை வந்திருந்தது. அவளுக்குக் காய்ச்சல் அனலாக அடித்தது.

ஜீப் பிடித்து போடிமெட்டு வழியாக இறங்கினோம். தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சுட்டுவிரலையும் நடுவிரலையும் அடியோடு எடுத்தார்கள். மோதிர விரல் இருக்கிறது, மடங்காது. உயிர் தப்பியது முருகன் செயல். நான் தினமும் வேண்டிக்கொண்டிருந்தேன். அவள் நன்றாக இருக்க வேண்டும், இங்கேயே இருக்க வேண்டும் என்று. இரண்டையும் சேர்த்துத்தான் வேண்டினேன்.

கண் விழித்து அவள் கேட்டது ஒன்றுதான்.

"முன்னாடியே வந்திருந்தா விரல் தப்பிச்சிருக்குமா மாமா?"

"இல்ல பாப்பா. இது வர வேண்டியது."

அவள் தலையசைத்தாள். பிறகு, "நீங்க இல்லேன்னா நான் செத்தே போயிருப்பேன்" என்று சொல்லி என் கையைப் பிடித்தாள். வலது கையால்.

இப்போது அவளை எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குப் போட்டிருக்கிறார்கள். தொட்டில் ஆட்ட ஐந்து விரலும் வேண்டியதில்லை. அக்கா வீட்டில் இருக்கிறாள். எனக்கு முன் அறைக் கட்டில் இருக்கிறது. யாரும் ரோட்டில் நிற்கவில்லை. இந்த லயத்தில் எத்தனை குடும்பம் அப்படிச் சொல்ல முடியும் என்று விசாரித்துப் பாருங்கள்.

ஆகவே உங்களுக்கு வேண்டிய பதில் இது: புண் தானாக அழுகவில்லை. ஆற விடாமல் வைத்திருந்தவன் நான். தெரிந்து செய்தேன். யாரிடம் சொல்ல வேண்டுமோ சொல்லிக்கொள்ளுங்கள். அக்காவிடம் மட்டும் மெதுவாகச் சொல்லுங்கள், அவளுக்கு ரத்த அழுத்தம் உண்டு.

ஒரு பாக்கி இருந்தது, அதையும் முடித்துவிட்டேன். ஜீப்பில் இறங்கும்போது காய்ச்சல் வேகத்தில் அனு விளையாட்டில் இருந்த ஒரு பாட்டைப் பற்றியே சொல்லிக்கொண்டு வந்தாள். பாதியில் நிற்கிறது, அதை முடிக்க வேண்டும் என்று. முடித்துவிடலாம் பாப்பா என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுத்தால் அது கடன். போன வாரம் அவள் காப்பகத்திலும் அக்கா கோயிலிலும் இருந்த நேரம் லேப்டாப்பைத் திறந்தேன். ஒயரைச் செருகினேன். அந்தப் பாட்டு அவள் விட்ட இடத்திலேயே நின்றிருந்தது. எனக்குக் கிடார் வராது. விளையாட்டு அதைப் புரிந்துகொண்டு, கட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டு, ஒரே கம்பியில் ஒரே இடத்தைக் காட்டியது. அதை அழுத்தி அழுத்திப் பாட்டை முடித்தேன். அவள் பெயருக்கு நேரே முழு மதிப்பெண் வந்தது. துடைத்து, இருந்தபடியே மூடி வைத்தேன். அவளிடம் சொல்லவில்லை. செய்த நல்லதைச் சொல்லிக்காட்டக் கூடாது.

மூடுவதற்கு முன், இன்னும் கொஞ்சம் கடினமாக்கட்டுமா என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. வேண்டாம், எனக்கு இப்படியே இருக்கட்டும் என்று அழுத்தினேன்.