பாதியில் பிடுங்கிய பிளக்

அப்டேட் ஓடிக்கொண்டிருக்கும்போது கம்ப்யூட்டரை அணைக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும், மேடம். திரையிலேயே எழுதிக் காட்டுகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் என்ன எழுதுகிறார்கள் தெரியுமா? "பாவம் செக்ரட்டரி அங்கிள், விவரம் புரியாமல் பாதியில் ஆஃப் பண்ணிவிட்டார், விடுங்கள்" என்று எழுதுகிறார்கள். கூடவே கைகூப்பும் பொம்மை வேறு. அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்றுதான் ஸ்டேஷனுக்கு வந்தேன். டீ வேண்டாம், எனக்குச் சர்க்கரை இருக்கிறது.

நீங்கள் இந்த வழக்கை எடுத்து நடத்தும் இன்ஸ்பெக்டர், தமிழினி என்று வெளியே பலகையில் பார்த்தேன். என் பெயர் சுகுமார். மருந்துக் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஸ்டோர்ஸுக்கு முதன்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, கை வைத்தால் ஷாக் அடிக்கும் என்று ஒதுங்கி நின்ற கூட்டத்திலிருந்து முதலில் போய் உட்கார்ந்தவன் நான். சிட்லபாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் எங்கள் அபார்ட்மெண்ட், பதினாறு வீடு. மூன்றாவது முறையாக நான்தான் செக்ரட்டரி. வேலை செய்ய ஒரு ஆள் வரமாட்டார். குறை சொல்ல மட்டும் பதினாறு வீட்டிலிருந்தும் வருவார்கள்.

கேமரா மாட்டியதும் நான்தான். பதிவு செய்ய என் சொந்தக் கம்ப்யூட்டரையே சங்கத்துக்குக் கொடுத்து, மாடிப்படிக்கு அடியில் இருக்கும் சங்க அறையில் வைத்தேன். கரண்ட் போனாலும் நிற்காமலிருக்க யுபிஎஸ் வாங்கிப் போட்டேன். கேமராக்களில் ஒன்று கார் பார்க்கிங்கில், தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்ப்பின் மூடியை நேராகப் பார்த்தபடி இருக்கும். அது தண்ணீர் லாரிக்காரர்களுக்காக வைத்தது.

நம் பக்கத்து லாரிக்காரர்களை உங்களுக்கும் தெரிந்திருக்கும். முழு லோடு என்று சொல்லி முக்கால் லோடு இறக்கிவிட்டுப் போவான். அதனால் லாரி வருவதற்கு முன்னாலும் போன பின்னாலும் நான் சம்ப்பைத் திறந்து அளப்பேன். அதற்கென்று பெயின்ட் கோடு போட்ட நீளமான பிளாஸ்டிக் குழாய் ஒன்று வைத்திருக்கிறேன். என்னைத் தவிர யாரும் அதைத் தொடக் கூடாது. வாட்ச்மேன் சிட்டிபாபு சிரிப்பான். "சார், லாரிக்காரன் உங்கள பாத்தாலே பேஜாராவுறான் சார்" என்பான். ஆகட்டுமே. யாரையும் நம்பி எதையும் விட்டுவிடக் கூடாது, நான் ஸ்டோர்ஸில் கற்றது அதுதான்.

மூடி விஷயத்திலும் அப்படித்தான். போன வருஷம் ஒரு பூனை உள்ளே விழுந்து செத்து, தொட்டி முழுவதையும் இறைத்துக் கழுவ வேண்டியதாயிற்று. அன்றைக்கே கூட்டம் போட்டு விதி கொண்டுவந்தேன். மூடியைத் திறந்துபோட்டுவிட்டு யார் நகர்ந்தாலும், வீட்டுக்காரரானாலும் வேலைக்காரரானாலும், நோட்டீஸ் போர்டில் பெயர் ஏறும். எங்கள் பொருளாளர் ஷபீனா, "பெயர் போடுவதெல்லாம் வேண்டாமே அங்கிள், அசிங்கமாக இருக்கும்" என்றார். அசிங்கமாக இருந்தால்தான் பயம் இருக்கும் என்று நான் விடவில்லை.

சிட்டிபாபுவின் மனைவி ரத்தினபாயை நீங்கள் பிணமாகத்தான் பார்த்தீர்கள். உயிரோடு இருந்தபோது நல்ல வேலைக்காரி. வாசல், படிக்கட்டு, பார்க்கிங் மூன்றும் அவள் பொறுப்பு. இரண்டு பேரும் பின்பக்கத்து அறையில்தான் குடியிருந்தார்கள். போன திங்கட்கிழமை சாயந்திரம் என்னிடம் வந்து நின்றாள்.

"சார், ரெண்டு நாள் கூடுவாஞ்சேரி போயிட்டு வந்துர்றேன் சார். பொண்ணுக்கு நாள் நெருங்கிகினு கீது."

பிரசவம் பார்க்க ஆஸ்பத்திரி இருக்கிறது, நீ போய் என்ன செய்யப் போகிறாய் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்றேன். இதை வைத்து அன்று ராத்திரி புருஷன் பெண்டாட்டிக்குள் வாக்குவாதம். எல்லா வீட்டுக்கும் கேட்டது. அந்தச் சத்தத்தை வைத்துத்தான் நீங்கள் சிட்டிபாபுவை ரிமாண்டில் வைத்திருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. மூடியிருந்த தொட்டிக்குள் ஒரு பெண் தவறி விழ முடியாது. விழுந்தவள் உள்ளேயிருந்து இரும்பு மூடியை இழுத்துப் போட்டுக்கொள்ளவும் முடியாது. யாரோ மூடியிருக்க வேண்டும். உங்கள் இடத்தில் நான் இருந்தாலும் புருஷனைத்தான் சந்தேகப்பட்டிருப்பேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் முதல் லாரி வந்து இறக்கிவிட்டுப் போனது. நான் திறந்து அளந்தேன். ஆள் முங்கும் அளவுக்குத் தண்ணீர் ஏறியிருந்தது; இருந்தும் கோட்டுக்குக் கீழேதான். அப்போது இரண்டாவது லாரிக்காரன் தெருமுனையிலிருந்து போன் செய்தான். சாக்கடை வேலைக்குத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வண்டி திரும்பாது, போகிறேன் என்றான். இவர்கள் பேச்சை நம்ப முடியுமா? குழாயும் கையுமாக நேரில் பார்க்கப் போனேன். உண்மையிலேயே வண்டி திரும்பாது. மதியம் சின்ன லாரியில் கொண்டுவருவதாகச் சொன்னான். நான் திரும்பி வந்தேன், சம்ப்பை மூடினேன், உள்ளே போனேன். கேமராவில் பதிவாகியிருப்பது அவ்வளவுதான். சிட்டிபாபு படத்திலேயே இல்லை. பால் பாக்கெட் வாங்கக் கடைக்குப் போயிருந்தான்.

பிறகு நேராகச் சங்க அறைக்குப் போய்ப் பதிவைப் போட்டுப் பார்த்தேன். வானம் மூட்டமாக இருந்தும் படம் பளிச்சென்று இருந்தது. அப்டேட் ஒன்று பல நாளாகக் காத்துக்கொண்டிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. அதைத் தொடங்கினேன். பாதி ஓடியதும் யுபிஎஸ்ஸிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். ஒரு தடவை பிடுங்கினால் போதாது, மேடம். அது சமர்த்தாகப் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதனால் மறுபடி போட்டு, அது தன்னைத் தானே சரிசெய்துகொள்ளத் தொடங்கும் நேரம் பார்த்து மறுபடி பிடுங்கினேன். அதற்கப்புறமும் ஒரு தடவை. கடைசியில் கறுப்புத் திரையில் வட்டம் சுற்றியது, நீலத் திரை வந்தது, தானே அணைந்து மறுபடி வட்டம் சுற்றியது. இனி அது எழுந்திருக்காது என்று புரிந்தது. விவரம் தெரியாதவனால் இதைச் செய்ய முடியாது. குரூப்பில் இதை யாராவது எழுதினால் தேவலை.

கொஞ்ச நேரம் கழித்துச் சிட்டிபாபு என் வீட்டு வாசலுக்கு வந்தான்.

"சார், அவ கோச்சிகினு பொண்ணாண்ட பூட்டா போல கீது. போனக்கூட வூட்லயே வுட்டுட்டுப் போய்க்கிறா சார்."

வந்துவிடுவாள், நீ வேலையைப் பார் என்றேன். அவன் மோட்டார் போடப் போனான். தண்ணீர் கலங்கலாக இருக்கிறது, இன்றைக்குப் போட வேண்டாம் என்று தடுத்தேன். குரூப்பிலும் அறிவிப்புப் போட்டேன். பதினாறு குடும்பம் புழங்குகிற தண்ணீர், அதில் நான் ரொம்பக் கண்டிப்பு. மதியம் சின்ன லாரி வந்தது. முழங்கால் வலிக்கிறது என்று சொல்லி, மூடியை அவனையே திறக்கச் சொன்னேன். திறந்தான். அதன் பிறகு அவன் போட்ட சத்தத்தைப் பற்றிப் பேச எனக்குப் பிடிக்கவில்லை. மூடியில் அவன் கைரேகை இருப்பதாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். இருக்கத்தானே செய்யும்.

அவனை ஜீப்பில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டான். "சார், கேமராவ மட்டும் பாக்கச் சொல்லு சார். அதுல நான் இல்ல சார். உன் கம்ப்யூட்டர வெச்சித்தான் நான் வெளிய வரணும்" என்றான். எப்போதும் நீங்க வாங்க என்றுதான் பேசுவான். அன்றைக்கு மரியாதை தவறிவிட்டது. நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பார்க்கலாம் என்றேன்.

அன்று முதல் எங்கள் கட்டடத்தில் யாரும் யாரையும் நம்பவில்லை. இரண்டாம் மாடிக்காரர் சமையல்காரம்மாவை நிறுத்திவிட்டார். லிஃப்ட்டில் யாராவது ஏறினால் மற்றவர்கள் படியில் போனார்கள். உங்கள் ஆட்கள் பதிவைக் கேட்டபோது, அப்டேட்டுக்கு அப்புறம் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்று காட்டினேன். ஷபீனா உடனே மேற்குத் தாம்பரத்தில் கடை வைத்திருக்கும் இர்ஃபானை வரவழைத்தார். ரேமைக் கழற்றித் துடைத்து மாட்டினான். சேஃப் மோடில் நுழையப் பார்த்தான். பென் டிரைவைச் செருகி அதிலிருந்து கிளப்பப் பார்த்தான். நான் பக்கத்தில் நாற்காலி போட்டுக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சார், அப்டேட் ஓடும்போது கரண்ட் கட் ஆச்சா?" என்றான்.

"இல்லையே. யுபிஎஸ் இருக்கு."

"அப்புறம் எப்டி சார் பாதில நின்னுச்சு?"

கரண்ட் போனது, யுபிஎஸ்ஸும் காலை வாரியது என்று சொல்லியிருந்தால் பேச்சு முடிந்திருக்கும். ஆனால் அதை நான் பார்த்துப் பார்த்து வாங்கினேன். அது உருப்படியில்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன்? அவன் என்னையே பார்த்தான். சந்தேகப்படுகிறான் என்று தெரிந்தது. சரியான இடத்தில் கேள்வி கேட்கிறான், பிழைத்துக்கொள்வான் என்று நினைத்தேன்.

"சிஸ்டம் போனாலும் ஹார்ட் டிஸ்க்ல படம் அப்டியே இருக்கும் சார். கழட்டி எடுத்துனு போய் கடைல வேற மெஷின்ல போட்டா வந்துடும்" என்றான்.

அதுவும் எனக்குத் தெரியாததா? சங்கத்தின் பொருள் எதுவும் கமிட்டித் தீர்மானம் இல்லாமல் வெளியே போகக் கூடாது, நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டேன். விதி நிஜமாகவே அப்படித்தான் இருக்கிறது. அன்று சாயந்திரம் டிஸ்க்கைக் கழற்றிவிட்டு, பரணில் கிடந்த அதே மாதிரியான பழைய டிஸ்க் ஒன்றைச் சுத்தமாகத் துடைத்து மாட்டினேன். மறுநாள் தீர்மானம் போட்டு, கையெழுத்து வாங்கி, முறைப்படி அதை இர்ஃபான் கையில் ஒப்படைத்தேன்.

ஒன்றுமே இல்லாத டிஸ்க்கைப் பார்த்ததும் அவனுடைய சந்தேகம் வலுக்கும் என்று எதிர்பார்த்தேன். நடந்தது வேறு. என் தோளைத் தொட்டு, "பரவால்ல சார். எங்க வாப்பாவும் இப்டித்தான், எதையாச்சும் அமுக்கி எல்லாத்தையும் அழிச்சிருவாரு. மனசுல வெச்சிக்காதீங்க" என்றான். உங்களிடமும் அப்படியே எழுதிக் கொடுத்திருக்கிறான். சந்தேகப்பட்டவரைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, மேடம். அவன் பரிதாபப்பட்டதைத்தான் தாங்க முடியவில்லை. நேற்றுப் பொதுக்குழுவில் ஷபீனா எழுந்து, அங்கிளுக்கு வயதாகிவிட்டது, இனி கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் யாராவது பொறுப்பு எடுத்துக்கொள்ளட்டும் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஒரு சால்வையும் போர்த்தினார்கள். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

அந்த டிஸ்க் இதோ, இந்தப் பையில் இருக்கிறது. ஒரு கீறல்கூட இல்லை. இர்ஃபானையே கூப்பிட்டுப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். யாருக்குக் கம்ப்யூட்டர் தெரியும், யாருக்குத் தெரியாது என்று அவனே வாயைத் திறந்து சொல்லட்டும்.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? எழுதுங்கள். படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் இதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கேமராவில் ஒலி கிடையாது, வெறும் படத்தை வைத்து நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாது. நான் தெருமுனைக்குப் போனபோது மூடியைத் திறந்துபோட்டுவிட்டுத்தான் போனேன். லாரிக்காரன் ஓடிவிடுவானோ என்ற அவசரம். அந்த நேரத்தில் ரத்தினபாய் வாளியோடு வந்தாள். சம்ப்பில் நேராக மொள்ளக் கூடாது என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். லாரிக்காரன் சிந்திய தண்ணீரில் தரை ஈரம். குனிந்தவள் வழுக்கி விழுந்துவிட்டாள்.

நான் வந்து பார்த்தபோது உள்ளே தத்தளித்துக்கொண்டிருந்தாள். கையில்தான் குழாய் இருந்ததே, நீட்டியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நீட்டியிருந்தால் பிடித்து ஏறியிருப்பாள். ஏறியவள் ஊரைக் கூட்டியிருப்பாள். மூடியைத் திறந்துபோட்டது யார் என்று கேட்டிருப்பார்கள். நான் கொண்டுவந்த விதிக்கு முதல் பெயராக என் பெயரையே நான் போர்டில் எழுத வேண்டியிருந்திருக்கும், அதுவும் பொதுக்குழு நடக்கிற வாரத்தில். நீங்களே யோசித்துப் பாருங்கள். அதனால் மூடினேன். கனமான மூடி, தனியாகத்தான் இழுத்தேன்.

சிட்டிபாபுவைச் சீக்கிரம் வெளியே விட ஏற்பாடு செய்யுங்கள். கூடுவாஞ்சேரியில் அவனுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாளாம். அவன் இல்லாமல் எங்கள் கேட்டில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்றே தெரியவில்லை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். அவள் என்னைக் கூப்பிட்டாள், கேட்டும் நான் மூடினேன் என்று எழுதிவிடாதீர்கள். அவள் "சார், சார்" என்றுதான் கூப்பிட்டாள். பெயர் எதுவும் சொல்லவில்லை. பதினாறு வீட்டில் எத்தனையோ சார் இருக்கிறார்கள், மேடம்.