ஏணியில் நின்ற கோச்

அஜ்மானில் துபாய் வேனுக்காக நின்றிருந்தேன். வேனில் பதினான்கு இருக்கைகள். வரிசையில் நான் பதினைந்தாவது ஆள். மூன்று முறை எண்ணியும் மாறவில்லை. எனக்கு முன்னால் பந்துப் பையோடு ஒரு நெட்டையர். அவருக்கும் முன்னால், கடை வைத்திருப்பவர் போல ஒரு பாய்.

“இன்னிக்கு ஜெயிச்சா ஹெட் கோச், பாய். தோத்தா ஏ.சி. மெக்கானிக்” என்றார் நெட்டையர்.

“ரெண்டு வருசமா காலேஜ் பாஸ்கெட்பால் டீமுக்கு நீதானே மாப்ள கோச்?”

“விசாவுல இன்னும் மெக்கானிக்தான். ஒரு நா அங்க ஏணியில நின்னு ஏ.சி. பாக்கும்போது, பசங்களப் பாத்து ‘முட்டிய மடக்கிப் போடுங்கடா’ன்னு கத்துனேன். போட்டாங்க, பந்து கூடையில விழுந்துச்சு. லீவுல போன பழைய கோச் திரும்பி வரல. அவர் எடத்துல என்னைய நிறுத்திட்டாங்க.”

“ஜெயிச்சா?”

“விசா மாறும், சம்பளம் ஏறும். பொண்டாட்டி பிள்ளையக் கூட்டிட்டு வந்துரலாம்.”

அவர் போன் அடித்தது. “அச்சா சார்” என்று ஐந்து முறை சொல்லி வைத்தார்.

“மேனேஜர். கோர்ட்டுல ரெண்டு பக்கமும் ஏ.சி. ஓடலியாம். மேட்ச்சுக்கு முன்னாடி நான்தான் பாக்கணுமாம்.”

பாய் முகம் மலர்ந்தது. “நம்ம பக்கத்த மட்டும் சரி பண்ணு. அவனுங்க பக்கத்துக்கு ஸ்பேர் மாபி, இல்லவே இல்லேன்னு கைய விரிச்சிரு!”

வேன் வந்தது. பதினான்காவதாக ஏறிய நெட்டையர் கதவை இழுத்துக்கொண்டே சொன்னார்:

“வேணாம் பாய், மெக்கானிக் பேரு கெட்டுரும். தோத்தா அந்த வேலைதானே இருக்கு!”