மூன்றாம் அங்கத்தின் ஒன்ஸ் மோர்

அன்று மதியம் ஓபரா பாடகரான என் கணவர் எர்மெதே பேரிக்காயும் சீஸும் சாப்பிட்டார். சீஸில் உப்பு கூடிவிட்டது என்று குறை சொல்லிவிட்டு, இன்னொரு துண்டு கேட்டார்.

"இன்னிக்கு ஒரு ராத்திரிதான், யோலே. அப்புறம் பாட்டுக்கு முழுக்கு. உங்க அண்ணன் தோட்டத்துல தேனீ வளர்க்கலாம்," என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். நானும் சிரித்த முகமாகத்தான் கேட்டுக்கொண்டேன்.

அது டாக்டரின் உத்தரவு. அவருடைய இதயம் தளர்ந்திருந்தது. அன்றைய ஓபராவின் மூன்றாம் அங்கத்துப் பாட்டை ஒருமுறை பாடலாம், ரசிகர்கள் ஒன்ஸ் மோர் கேட்டால் வணங்கிவிட்டு உள்ளே போய்விட வேண்டும் என்று எங்கள் இருவரையும் உட்காரவைத்துச் சொல்லியிருந்தார். மூச்சைக் குடிக்கும் அந்தப் பாட்டுக்குப் பயந்தே இத்தாலியில் அந்தக் காதல் ஓபராவை யாரும் தொடுவதில்லை. பார்மாவுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் ஊர் அரங்கம்தான் துணிந்தது.

மிலானிலிருந்து வந்த இளம் இயக்குநர் கதையை ரயில் நிலையத்துக்கு மாற்றியிருந்தார். சிலுவைப் போருக்குக் கிளம்பும் வீரனாக எர்மெதே சூட்கேசோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேல்மாடத்தில் உட்காருபவர்கள்தான் எங்கள் ஊரின் நீதிபதிகள். பிடிக்காவிட்டால் விசிலடித்தே விரட்டிவிடுவோம். கசாப்புக்கடை ஃபெர்ரூச்சோ என் தோளை இடித்தான்.

"ஏன் யோலே, உன் வீட்டுக்காரரு சண்டைக்குப் போறாரா, மச்சினி கல்யாணத்துக்குப் போறாரா?"

பிறகு எர்மெதே அந்தப் பாட்டைப் பாடினார். ஃபெர்ரூச்சோ குழந்தைபோல அழுதான். மாடமே எழுந்து ஒன்ஸ் மோர் கேட்டது. எர்மெதே வணங்கி, போதும் என்று தலையசைத்தார். நான் கைப்பிடிச் சுவர்வரை போய், அவர் பெயரைச் சொல்லிக் கைதட்டினேன். நிமிர்ந்து பார்த்தார். நான்தான் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டு, வாத்தியக் குழுவுக்குச் சைகை காட்டினார். இரண்டாவது தடவை இன்னும் நன்றாக இருந்தது. உதடு மட்டும் கொஞ்சம் நீலமாகியிருந்தது.

மறுபடியும் ஊரே கேட்டது. நானும் தட்டினேன்.

மூன்றாவது தடவை உச்ச ஸ்வரத்தை முழுதாக முடித்துவிட்டுத்தான் சூட்கேசின் மேல் சாய்ந்தார். அதுவும் இயக்குநரின் யோசனை என்று நினைத்து எல்லோரும் ஆரவாரம் செய்தார்கள். அப்படியொரு கைதட்டலை எங்கள் ஊர் கேட்டதில்லை.

கைதட்டியதற்காக யாரும் யாரையும் கைது செய்வதில்லை. விசாரிக்க வந்த போலீஸ் அதிகாரி எனக்குக் காபி வாங்கிக்கொடுத்துவிட்டுப் போனார். அதனால் நானாகவே சொல்கிறேன்: என்ன நடக்கும் என்று தெரிந்துதான் தட்டினேன். நான் கல்யாணம் செய்துகொண்டது அந்தக் குரலை. உயிரோடு இருந்திருந்தால், தேனீப் பெட்டிகளுக்கு நடுவே மெதுவாகப் பேசிக்கொண்டு திரியும் ஒரு கிழவராக அவர் ஆகியிருப்பார். அந்தச் சிறுமை அவருக்கு வேண்டாமென்று நினைத்தேன். அவருக்காகச் செய்தேன். ஊரும் அதைத்தான் விரும்பியது.

வானொலிக்காரர்கள் அன்றைய நிகழ்ச்சியைப் பதிவு செய்திருந்தார்கள். தினமும் காலையில் கேட்கிறேன். இரண்டாவது தடவை பாடி முடித்ததும் கைதட்டல் குறைகிறது, நாற்காலிகள் கிரீச்சிடுகின்றன, எல்லோரும் உட்காருகிறார்கள். அதற்குப் பிறகு ஒரே ஒரு ஜோடிக் கைதான் தட்டிக்கொண்டிருக்கிறது. எத்தனை தடவை கேட்டாலும் ஒரு ஜோடிதான்.